சப்டைட்டில் தொடக்கத்தில் சரியாக வருகிறது, முடிவில் 3 வினாடி முந்தி ஓடுகிறது. எங்கே தப்பு?

கரும்பலகை | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பாடங்களைக் கைபேசியில் பதிவு செய்து யூடியூபில் போடுகிறேன். பெரிய கூட்டமெல்லாம் பார்ப்பதில்லை. என் வகுப்புப் பிள்ளைகளும் பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும்தான்.

வகுப்பில் ஒரு மாணவிக்குக் காது மிகக் குறைவாகத்தான் கேட்கும். முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் உதட்டைப் பார்த்தே பாடத்தைப் பிடித்துக்கொள்வாள். நான் பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் பக்கத்தில் இருப்பவளின் நோட்டை எட்டிப் பார்ப்பாள். வீடியோவில் நான் முக்கால்வாசி நேரம் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் சப்டைட்டில் போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

வீடியோ 52 நிமிடம், தேல்ஸ் தேற்றம். எடிட்டிங் மென்பொருளில் ஓட்டி ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு வாக்கியமும் தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு அதை நோட்பேடில் எஸ்ஆர்டி கோப்பாக, அதாவது வசனமும் அது திரையில் வரவேண்டிய நேரமும் கொண்ட சப்டைட்டில் கோப்பாகத் தட்டச்சு செய்தேன். 611 வசனவரிகள். மூன்று ஞாயிறு போயிற்று.

இப்போது ஓட்டிப் பார்த்தால், முதல் சில நிமிடம் ஏறக்குறைய சரி. இருபதாவது நிமிடத்தில் ஒன்று, ஒன்றரை வினாடி முந்துகிறது. கடைசியில் மூன்று வினாடிக்கு மேல். நான் "ஆகவே" என்று வாயைத் திறப்பதற்குள் விடை திரையில் வந்து நிற்கிறது. இன்னொரு விநோதம்: அடுத்தடுத்த வரிகளிலேயே ஒன்று சரியாக இருக்கிறது, அடுத்தது அரை வினாடி முந்துகிறது. விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் மொத்தமாகத் தள்ளிப் பார்த்தேன். முடிவு பொருந்தினால் தொடக்கம் பிந்துகிறது.

611 வரியையும் மறுபடி தட்டச்சு செய்யச் சொல்லிவிடாதீர்கள்.

கல்யாண எடிட்டர் | ஞாயிறு, இரவு 10:05

கைபேசி வீடியோவா சார்? அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம், மாறும் ஃபிரேம் வேகம்தான். (ஃபிரேம் என்றால் வீடியோவில் ஓடும் ஒவ்வொரு தனிப் படம்.) கைபேசி வெளிச்சத்துக்குத் தக்கபடி ஒரு வினாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும், சில நேரம் 27, 28 என்று குறைக்கும். எடிட்டிங் மென்பொருளுக்கு அது பிடிக்காது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். மண்டப வெளிச்சத்தில் எடுத்த விருந்தினர் வீடியோக்களோடு நான் மாதம் மூன்று முறை இந்தச் சண்டை போடுகிறேன்.

கரும்பலகை | திங்கள், காலை 6:15

ராத்திரி முழுக்க மடிக்கணினியை ஓடவிட்டு மாற்றினேன் தம்பி. அதே 3 வினாடிதான்.

வரிக்கு வரி | திங்கள், காலை 8:30

சார், மருந்துக்கு முன்னால் நாடி பார்ப்போம். சப்டைட்டில் தள்ளிப்போவது என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் தள்ளும் விதம் மூன்று. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு தள்ளியிருந்தால் வீடியோவின் முன்னால் ஏதோ வெட்டப்பட்டிருக்கிறது அல்லது சேர்ந்திருக்கிறது. விஎல்சியில் ஜி, எச் விசைகளை அழுத்தினால் 50 மில்லி வினாடி வீதம் நகரும். எத்தனை முறை அழுத்தினால் பொருந்துகிறது என்று எண்ணி, அதே அளவைக் கோப்பில் மாற்றினால் முடிந்தது. நடுவில் ஓரிடம் வரை சரியாக வந்து, அங்கே ஒரே தாவாகத் தாவினால், அந்த இடத்தில் வெட்டு. விளம்பரம் எடுக்கப்பட்ட பழைய டிவி பதிவுகளில் இதுதான் நடக்கும்.

உங்களுடையது மூன்றாவது வகை, போகப் போக ஏறுவது. அதற்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஏதோ ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் பெருக்க மறந்ததுதான். ஆனால் நீங்கள் சொன்ன அந்த "அடுத்தடுத்த வரி" விநோதம் இதில் சேரவில்லை. அது வேறொரு தப்பு. இரண்டு தப்பு ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நோட்டில் குறித்தபடியே முதல் வரியின் நேரமும் கடைசி வரியின் நேரமும் எழுதுங்கள். கோப்பில் தட்டச்சு செய்ததையும் பக்கத்திலேயே போடுங்கள்.

கரும்பலகை | திங்கள், மதியம் 1:10

முதல் வரி: நோட்டில் 00:00:04:20. கோப்பில் 00:00:04,200.

கடைசி வரி: நோட்டில் 00:51:48:12. கோப்பில் 00:51:48,120.

எஸ்ஆர்டியில் கடைசிப் பகுதிக்கு மூன்று இலக்கம் வேண்டும் என்று படித்தேன். அதனால் ஒரு சுழியம் சேர்த்துக்கொண்டேன்.

வரிக்கு வரி | திங்கள், மதியம் 1:22

அந்தச் சுழியம்தான் சார் முதல் ஆள்.

எடிட்டிங் மென்பொருள் காட்டும் நான்காவது எண் வினாடியின் பகுதி இல்லை, ஃபிரேம் எண். 00-லிருந்து 29 வரை போய் அடுத்த வினாடிக்குத் தாவும், கவனித்திருப்பீர்கள். எஸ்ஆர்டியில் காற்புள்ளிக்குப் பின்னால் வருவது மில்லி வினாடி, 000-லிருந்து 999 வரை. 15ஆவது ஃபிரேம் என்றால் அரை வினாடி, அதாவது 500. நீங்கள் 150 என்று எழுதியிருப்பீர்கள். 29ஆவது ஃபிரேம் 967 ஆக வேண்டும், உங்கள் கோப்பில் 290. ஆக, ஃபிரேம் எண் சிறியதாக இருக்கும் வரிகள் சரியாக விழும், பெரியதாக இருக்கும் வரிகள் ஏறக்குறைய 0.68 வினாடி வரை முந்தும். பக்கத்து வரிகள் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம்.

மீதி இரண்டேமுக்கால், மூன்று வினாடி எங்கே போனது என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

கோபுர ஆண்டெனா | திங்கள், மாலை 5:50

நான் ஒளிபரப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த மீதியை நான் சொல்கிறேன்.

கரும்பலகை ஐயா, உங்கள் எடிட்டிங் மென்பொருளில் புராஜெக்ட் அமைப்பைத் திறந்து ஃபிரேம் வேகம் என்ன என்று பாருங்கள். 30 என்று இருக்காது, 29.97 என்று இருக்கும். பந்தயம் கட்டுகிறேன்.

கதை இதுதான். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியை வினாடிக்கு 30 ஃபிரேம் என்று வைத்தார்கள். 1953இல் வண்ண ஒளிபரப்புக்கான தரத்தை ஏற்றபோது, வீட்டில் இருந்த பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை. வண்ணத்துக்காகச் சேர்த்த அலையும் ஒலியின் அலையும் ஒன்றோடொன்று உரசித் திரையில் கோலம் போடாமலிருக்க, ஃபிரேம் வேகத்தை ஆயிரத்தொன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். 30-ஐ 1000-ஆல் பெருக்கி 1001-ஆல் வகுத்தால் வருவதுதான் 29.97. நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நாம் எடுத்துக்கொண்டது பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, வினாடிக்கு 25. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது வண்ணம் வந்ததும் அதே 25இல்தான். இந்த 29.97 நம் வீட்டு வாசல்படி ஏற வேண்டிய அவசியமே இல்லாத எண். கைபேசியும் மென்பொருளும் வழியாக நுழைந்துவிட்டது.

இப்போது உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். வினாடிக்கு 29.97 ஃபிரேம்தான் ஓடுகிறது, ஆனால் எண்ணிக்கை போடும் முள் 30 ஃபிரேம் வந்தால்தான் ஒரு வினாடி என்று ஏற்றுகிறது. அதனால் முள் உண்மையான கடிகாரத்தைவிடப் பின்தங்கும். ஒரு மணி நேரத்துக்கு 3.6 வினாடி. 52 நிமிடத்துக்கு 3.1 வினாடி. பின்தங்கிய நேரத்தைக் கோப்பில் எழுதினீர்கள், வீடியோவை ஓட்டும் மென்பொருள் அதை உண்மை நேரமாக எடுத்துக்கொண்டது, வசனம் முந்திக்கொண்டது.

ஒளிபரப்பில் இதைச் சரிக்கட்ட ஓர் எண்ணும் முறை உண்டு. ஒவ்வொரு நிமிடமும் தொடங்கும்போது இரண்டு ஃபிரேம் எண்களைத் தாண்டிவிடுவோம், பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாண்ட மாட்டோம். மணிக்கு 108 எண் தாண்டும், கணக்கு நேராகும். படம் எதுவும் குறையாது, எண் மட்டும்தான் தாண்டும். அந்த முறையில் ஓடுகிறதா என்று அடையாளம் காண்பது எளிது. ஃபிரேம் எண்ணுக்கு முன்னால் அரைப்புள்ளி இருந்தால் தாண்டும் முறை, முக்காற்புள்ளி இருந்தால் தாண்டாத முறை. நீங்கள் நோட்டிலிருந்து எழுதியதில் முக்காற்புள்ளி இருக்கிறது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது.

கரும்பலகை | திங்கள், இரவு 9:15

29.97. பந்தயம் உங்களுக்குத்தான் ஐயா.

இது என் பாடம், விடுவேனா. நேரத்தை முழுக்க ஃபிரேமாக்கி, 1001-ஆல் பெருக்கி, 30000-ஆல் வகுத்தால் உண்மையான வினாடி வந்துவிட வேண்டும். கடைசி வரி: 51 நிமிடம் 48 வினாடி என்றால் 3108 வினாடி. 30-ஆல் பெருக்க 93,240. அதோடு 12 ஃபிரேம், 93,252. பெருக்கி வகுத்தால் 3111.508. அதாவது 00:51:51,508. கோப்பில் நான் எழுதியது 00:51:48,120. வித்தியாசம் 3.388 வினாடி. நான் கண்ணால் பார்த்த "மூன்று வினாடிக்கு மேல்" இதுவேதான்.

முதல் வரிக்கும் போட்டுப் பார்த்தேன். 140 ஃபிரேம், 4.671 வினாடி. கோப்பில் 4.200. அதாவது தொடக்கத்திலேயே அரை வினாடி முந்தித்தான் இருந்திருக்கிறது. "தொடக்கம் சரி" என்று நான் சொன்னது கண்ணின் தப்பு.

நல்லவேளையாக வெறும் சுழியம்தான் சேர்த்தேன், அதனால் 120-ஐப் பத்தால் வகுத்தால் ஃபிரேம் எண் திரும்பக் கிடைக்கிறது. விரிதாளில் சூத்திரம் போட்டு இழுத்தேன். 611 வரியும் அரை மணி நேரத்தில் முடிந்தது. பலகையில் சுண்ணாம்புக்கட்டி படும் சத்தமும் "தேல்ஸ்" என்ற சொல்லும் ஒரே கணத்தில் வருகின்றன. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்கும் என்ன விசேஷம் என்று புரியவில்லை.

கல்யாண எடிட்டர் | திங்கள், இரவு 9:31

என் வைத்தியம் பலிக்கவில்லை, மன்னியுங்கள் சார். ராத்திரி முழுக்க மின்சாரத்தை வீணாக்கிவிட்டேன்.

வரிக்கு வரி | செவ்வாய், காலை 7:45

விரிதாள் போட்டது சரியான முடிவு. இதே இழையைப் பிறகு தேடி வருபவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏறிக்கொண்டே போகும் தள்ளலுக்குச் சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் இரண்டு புள்ளிகளை வைத்துப் பொருத்தும் வசதி இருக்கிறது. முதல் வரியும் கடைசி வரியும் எங்கே விழ வேண்டும் என்று காட்டினால் நடுவில் உள்ளதை அதுவே விகிதப்படி நீட்டிக்கொள்ளும். சார் விஷயத்தில் அது பாதிதான் உதவியிருக்கும், ஃபிரேமை மில்லி வினாடியாக எழுதிய குளறுபடி அப்படியே நின்றிருக்கும்.

அடுத்த பாடத்துக்கு நோட்டில் குறிக்கவே வேண்டாம் சார். அந்த மென்பொருளில் வீடியோவைத் திறந்தால் கீழே ஒலி அலை மலைத்தொடர் மாதிரி தெரியும். நீங்கள் பேசும் இடம் மேடு, எழுதும் இடம் பள்ளம். மேட்டின் அடிவாரத்தில் சுட்டியால் இழுத்தால் வரியின் தொடக்கமும் முடிவும் உட்கார்ந்துவிடும்.

கரும்பலகை | வியாழன், இரவு 8:50

புதுத் தலைவலி. பள்ளி ஸ்மார்ட் டிவியில் பென்டிரைவ் செருகிப் போட்டேன். சப்டைட்டில் வரவேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. சரி, வீடியோவிலேயே எழுத்தைப் பதித்துவிடலாம் என்று கைபேசியில் ஒரு செயலி வைத்துச் செய்தேன். தமிழ் வந்தது, ஆனால் "முக்கோணம்" என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. "தேற்றம்" அதைவிட மோசம். பிள்ளைகள் அதை வாய்விட்டுப் படித்துச் சிரிக்கிறார்கள்.

வரிக்கு வரி | வியாழன், இரவு 9:20

இரண்டும் வேறு வேறு நோய். கட்டம் வருவது அந்த டிவியில் தமிழ் எழுத்துரு இல்லாததால். தனிக் கோப்பாகப் போகும் சப்டைட்டிலுக்கு எழுத்து வடிவம் கொடுப்பது பார்க்கும் கருவிதான். அதனிடம் இல்லையென்றால் நாம் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. (கட்டத்துக்குப் பதில் கேள்விக்குறியாக வந்தால் அது சேமித்தபோது நடந்த தப்பு. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். கேள்விக்குறியானது ஆனதுதான், மீட்க முடியாது.)

கொம்பு இடம் மாறுவதற்குக் காரணம் வேறு. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் பொதுவான குறியீடு தரும் யூனிகோடில் "கோ" என்பது ககரம், அதன் பின்னால் ஓகாரக் குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். அதைச் செய்யத் தனி நிரலகம் உண்டு, ஹார்ஃப்பஸ் என்று பெயர். உங்கள் கைபேசிச் செயலி அதெல்லாம் இல்லாமல் வந்த வரிசையில் அப்படியே அடுக்குகிறது. ஹேண்ட்பிரேக்கில் எஸ்ஆர்டியைச் சேர்த்து, "பதித்துவிடு" என்ற தேர்வைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும்.

கல்யாண எடிட்டர் | வியாழன், இரவு 9:48

இது எனக்குத் தெரியும், இந்த முறை தப்பாது. அடோபி பிரீமியரில் செய்பவர்களுக்கும் இதே கொம்புச் சிக்கல் வரும். அமைப்புகளில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் எழுத்துப் பொறியைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்ற வேண்டும். ஒரு சொடுக்குதான். இது தெரியாத காலத்தில் மணமகன் பெயரில் கொம்பு இடம் மாறி, பெண் வீட்டார் முன்னிலையில் பெரிய திரையில் ஓடியது. பாக்கிப் பணம் வரவே இல்லை.

இன்னொன்று, பழைய அச்சகங்களில் தட்டச்சு செய்து வாங்கினால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கொடுத்துவிடுவார்கள். அது உண்மையில் ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் முகமூடி. யூனிகோடாக மாற்றிய பிறகுதான் சப்டைட்டிலில் ஒட்ட வேண்டும்.

கண்ணால் கேட்பவள் | வெள்ளி, காலை 10:30

இழையை முதலிலிருந்து படித்தேன். எனக்கு மூன்று வயதிலிருந்து காது கேட்காது. கல்லூரி வரை படித்து இப்போது வேலையில் இருக்கிறேன். யூடியூப் இணைப்பை வைத்துச் சாருடைய வீடியோவைப் பார்த்தேன். நேரம் அழகாகப் பொருந்துகிறது. அதற்கு நன்றி சொல்லிவிட்டு, நேரத்தில் சேராத சிலவற்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

14ஆவது நிமிடத்தில் ஒரு வரி: "இந்தா பாருங்க, இந்தப் பக்கத்த இந்தப் பக்கத்தால வகுத்தா என்ன வரும்?" நீங்கள் அதைச் சொல்லும்போது விரலால் பலகையில் இரண்டு பக்கங்களைத் தொட்டுக் காட்டுகிறீர்கள். காது கேட்பவர்கள் காதால் வாங்கிக்கொண்டு கண்ணால் விரலைப் பார்ப்பார்கள். எனக்கு இரண்டுக்கும் ஒரே கண். நான் வரியைப் படித்து முடித்து நிமிரும்போது உங்கள் விரல் கீழே இறங்கிவிட்டது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். "ஏடி-யை டிபி-ஆல் வகுத்தால்?" என்று அந்த வரி இருந்திருந்தால் ஒரு முறை போதும்.

அதைவிட முக்கியம், 52 நிமிடமும் திரையில் எழுத்து இருந்துகொண்டே இருக்கிறது. ஒன்று போனதும் அடுத்தது. நான் சப்டைட்டிலை முழுக்கப் படித்தேன், பலகையை ஏறக்குறைய பார்க்கவே இல்லை. கணக்குப் பாடத்தில் பலகையைப் பார்க்காமல் என்ன பார்ப்பது? நீங்கள் எழுதும் நேரத்தில் வரியை எடுத்துவிடுங்கள். "சரியா", "புரியுதா", "ஆங்" எல்லாம் வேண்டாம். எழுத்து இல்லாத நேரம்தான் எனக்குப் பலகை பார்க்கும் நேரம்.

33ஆவது நிமிடத்தில் நீங்கள் சட்டென்று சிரித்துவிட்டு வாசல் பக்கம் பார்க்கிறீர்கள். ஏன் என்று தெரியவில்லை. ஏதாவது சத்தமா?

கரும்பலகை | வெள்ளி, இரவு 9:05

அது பக்கத்து வகுப்பில் ஒரு பையன் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தினான் மேடம். அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் பதிவைப் படித்துவிட்டு வீடியோவைச் சத்தமில்லாமல் போட்டு நானே பார்த்தேன். 20 நிமிடத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. பலகையில் நானே வரைந்த படத்தை நான் கவனிக்கவில்லை.

வரிகளைக் குறைக்க உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் சப்டைட்டில் எடிட்டில் ஏற்றினால் பாதிக்கு மேற்பட்ட வரி நீளம் அதிகம் என்று சிவப்பாகக் காட்டுகிறது. "முக்கோணத்தின் மூன்று கோணங்களின்" என்பது அவ்வளவு நீளமா?

வரிக்கு வரி | வெள்ளி, இரவு 9:40

அந்தச் சிவப்பை அப்படியே நம்பாதீர்கள். "முக்கோணத்தின்" என்பதில் நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடுக் குறியீடுகளாக எண்ணினால் பதின்மூன்று. புள்ளிக்கு ஒன்று, இகரக் குறிக்கு ஒன்று என்று தனித்தனியாக எண்ணும் மென்பொருளுக்குத் தமிழ் எப்போதும் நீளமாகத்தான் தெரியும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் போட்ட வரம்பு அது. அமைப்பில் வரம்பை ஏற்றிக்கொள்ளலாம்.

எண்ணைவிட நல்ல அளவுகோல், கைபேசியில் வைத்துக் கை நீட்டிப் பார்ப்பது. இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. நெட்ஃபிளிக்ஸ் பொதுவாக வைத்திருக்கும் விதியில் ஒரு வசனவரி குறைந்தது 5/6 வினாடியும் அதிகம் போனால் 7 வினாடியும் நிற்கலாம், அடுத்தடுத்த வரிகளுக்கு நடுவே இரண்டு ஃபிரேமாவது வெறுமையாக விட வேண்டும். அந்த வெறுமை இல்லையென்றால் வரி மாறியதே கண்ணுக்குத் தெரியாது.

உடைக்கும் இடத்தையும் பாருங்கள். "முக்கோணத்தின் மூன்று / கோணங்களின் கூடுதல் 180°" என்று உடைத்தால் முதல் வரியின் "மூன்று" அந்தரத்தில் தொங்கும். "முக்கோணத்தின் / மூன்று கோணங்களின் கூடுதல் 180°" என்றால் கண் தடுக்காது. "நூற்றி எண்பது டிகிரி" என்று சொன்னாலும் எண்ணாகவே போடுங்கள்.

ஆனால் மேடம் "வகுத்தா" என்பதை "வகுத்தால்" என்று எழுத்துத் தமிழில் மாற்றிக் கேட்டாரே, அந்த ஒரு விஷயத்தில் அவரோடு முரண்படுகிறேன். "வகுத்தா" என்று சார் சொன்னால் "வகுத்தா" என்றே போட வேண்டும் என்பது என் கட்சி. கொஞ்சம் காது கேட்பவர்கள் ஒலியையும் எழுத்தையும் சேர்த்துத்தான் பிடிக்கிறார்கள். உதடு ஒன்று சொல்லி எழுத்து வேறொன்று சொன்னால் குழப்பம்தான். சாருடைய மாணவியும் அப்படித்தானே?

பருத்தித்துறை | சனி, காலை 6:20

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இலங்கையில் எங்கட பிள்ளைகளும் தமிழ்நாட்டுக் கணக்கு வீடியோக்கள் பார்க்கிறார்கள். "போட்டுக்கோங்க", "வர்றது" எல்லாம் காதால் கேட்கும்போது விளங்கிவிடும். எழுத்தில் பார்த்தால் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். நாங்கள் பேசுவது வேறு தமிழ். எழுத்துத் தமிழ் மட்டும்தான் இரண்டு பக்கத்துக்கும் பொது. எழுத்துத் தமிழிலேயே போடுங்கோ சேர்.

கண்ணால் கேட்பவள் | சனி, காலை 11:15

வரிக்கு வரி அண்ணா, உங்கள் காரணம் கொஞ்சம் கேட்பவர்களுக்குப் பொருந்தலாம். என் நிலை வேறு. நான் தமிழைக் காதால் கற்கவில்லை, புத்தகத்திலிருந்து கற்றேன். நீங்கள் "பேச்சுத் தமிழ்" என்று சொல்வதை நான் எழுத்தில் முதன்முதலாகப் பார்த்தது கல்லூரி நண்பர்களின் குறுஞ்செய்திகளில்தான். "வகுத்தா" என்று பார்த்தால் முதலில் எழுத்துப்பிழை என்றுதான் தோன்றும். அதுவும் ஒருவர் "வர்றது" என்று எழுதுகிறார், இன்னொருவர் "வர்ரது", மற்றொருவர் "வரது". எதைப் படித்துப் பழகுவது?

ஆனால் சினிமாவில் எழுத்துத் தமிழ் போட்டால் எனக்கு ஆத்திரமாக வரும். அங்கே அவன் எப்படிப் பேசுகிறான் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். மதுரைக்காரனும் கோயம்புத்தூர்க்காரனும் ஒரே மாதிரி பாடப்புத்தகம் படிப்பது போல எழுதினால் பாதிப் படம் போய்விடும். பாடத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று கேட்பது முரண்பாடாகத் தெரிந்தால் தெரியட்டும்.

வரிக்கு வரி | சனி, மதியம் 12:40

குறுஞ்செய்தியில்தான் முதலில் பார்த்தேன் என்கிறீர்களே, அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பாடங்களைப் பொறுத்தவரை என் கட்சியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் கொஞ்சம் கேட்கும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் சார்.

கல்யாண எடிட்டர் | சனி, மதியம் 2:10

இவ்வளவு பாடு எதற்கு சார், சப்டைட்டில் எடிட்டிலேயே விஸ்பர் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பேச்சை எழுத்தாக்கி நேரமும் போட்டுக் கொடுத்துவிடும். தமிழும் தெரியும் அதற்கு.

வரிக்கு வரி | சனி, மதியம் 3:00

தெரியும், ஆனால் தெரிந்த மாதிரி நடிக்கவும் தெரியும் தம்பி. விஸ்பரை ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்டபோது 6,80,000 மணி நேர ஒலியில் பழக்கியதாகச் சொன்னார்கள். அதில் பெரும்பகுதி ஆங்கிலம். முதல் வரைவுக்கு நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன், தட்டச்சு வேலை மிச்சம். ஆனால் யாரும் பேசாத இடத்தில் அது சும்மா இருக்காது. சார் இரண்டு நிமிடம் எதுவும் பேசாமல் படம் வரைந்தால், அந்த மௌனத்தில் சொல்லாத வாக்கியம் எதையாவது நுழைத்துவிடும். காது கேட்பவர் பார்த்தால் சிரித்துவிட்டுப் போவார். கேட்காதவருக்கு அது பொய் என்று எப்படித் தெரியும்? ஒரு தடவை முழுக்கக் கேட்டுத் திருத்தாமல் ஏற்றக் கூடாது.

கோபுர ஆண்டெனா | சனி, மாலை 6:30

முன்பு யூடியூபில் பார்வையாளர்களே சப்டைட்டில் எழுதிக் கொடுக்கும் வசதி இருந்தது. 2020 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். இருந்திருந்தால் நாங்கள் நான்கைந்து பேர் ஆளுக்கு ஒரு பாடம் என்று பிரித்துக்கொண்டிருப்போம். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கரும்பலகை ஐயா, வீடியோவை எங்களுக்கு அனுப்புங்கள், கோப்பாகச் செய்து அனுப்புகிறோம். எனக்குப் பகலெல்லாம் ஓய்வுதான்.

கரும்பலகை | அடுத்த புதன், இரவு 9:30

611 வரி 388 ஆகிவிட்டது. எழுத்துத் தமிழ். விரலால் காட்டும் இடங்களிலெல்லாம் பக்கத்தின் பெயர். ஆட்டுக்குட்டியையும் போட்டுவிட்டேன், அடைப்புக்குறிக்குள்: [பக்கத்து வகுப்பில் ஒருவன் ஆடு போலக் கத்துகிறான்].

இன்று இடைவேளையில் மாணவியிடம் காட்டினேன். முதலில் நேரே 33ஆவது நிமிடத்துக்குப் போய் அதைப் பார்த்துச் சிரித்தாள். எவனோ முன்பே சொல்லிவிட்டிருக்கிறான். "வகுத்தா" வேண்டுமா "வகுத்தால்" வேண்டுமா என்று நோட்டில் எழுதிக் கேட்டேன். புத்தகத்தில் இருப்பது போல என்று எழுதினாள். அப்புறம் அவளாகவே இன்னொன்றும் எழுதிக் கொடுத்தாள்: "படத்தின் அடிப்பக்கம் சப்டைட்டிலில் மறைகிறது சார்."

உண்மைதான். நான் முக்கோணத்தின் அடிப்பக்கத்தைப் பலகையின் கீழ் விளிம்பை ஒட்டி வரைகிறேன். சப்டைட்டில் சரியாக அதன் மேல் உட்காருகிறது. மேலே ஏற்ற வழி உண்டா?

வரிக்கு வரி | புதன், இரவு 9:55

கணினியில் யூடியூப் பார்த்தால் சப்டைட்டிலைச் சுட்டியால் பிடித்து மேலே இழுத்துவிடலாம். பதித்த வீடியோவில் இழுக்க முடியாது, பதிக்கும்போதே மேலே வைத்தால்தான் உண்டு. அடுத்த பாடத்தில் பலகையின் கீழ்ப்பகுதியைக் காலியாக விட்டு எழுதிப் பாருங்கள்.

கரும்பலகை | வியாழன், காலை 6:50

பலகையின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மஞ்சள் சுண்ணாம்புக்கட்டியால் கோடு இழுத்துவிட்டேன். பக்கத்து வகுப்பு சமூக அறிவியல் ஆசிரியர் வந்து அது என்ன கோடு, எல்லைக்கோடா என்று கேட்டார்.

கோபுர ஆண்டெனா ஐயா, அடுத்த வீடியோ பிதாகரஸ், 40 நிமிடம். இந்த முறை புராஜெக்டை 30இல் வைத்திருக்கிறேன். இன்று மாலை அனுப்பட்டுமா?

கோபுர ஆண்டெனா | வியாழன், காலை 7:05

அனுப்புங்கள். 25இல் வைத்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

பருத்தித்துறை | வியாழன், காலை 7:40

சேர், அந்த விரிதாளை இங்கே ஏற்ற ஏலுமா? எங்கட பள்ளிக்கூடத்திலும் ஒருவர் இதே தாண்டாத முக்காற்புள்ளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

கரும்பலகை | வியாழன், இரவு 10:10

நாளை ஏற்றுகிறேன். இன்று இன்னும் 34 விடைத்தாள் பாக்கி.